மாநிலத்துக்கு ஒரு நாவல்

மாநிலத்துக்கு ஒரு நாவலாகப் படித்து இந்தியாவை முடித்துவிடலாம் என்கிறார் நண்பர். சாகித்ய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் மொழிபெயர்ப்புகள் இருக்க, சாத்தியம்தான். ஆனால் பேரேட்டில் எந்தப் பக்கம் பதிவது? 'நீலகண்டப் பறவையைத் தேடி' வங்காள நாவல். அதன் மண் இன்று பங்களாதேஷ். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) தமிழ்நாட்டுக் கணக்கு என்றால், அதன் மனிதர்கள் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்தவர்கள். தாமிரவருணிப் பாசனத்தில் வளர்ந்த எனக்கோ, அந்தக் கரிசலைவிடத் தகழியின் குட்டநாட்டு வயல்கள்தான் நெருக்கம்.

ஒரு நாவலைப் படித்து ஒரு ஜனத்தைத் தெரிந்துகொண்டதாகக் குறித்துக்கொள்வது, அடுத்த நாவலைத் தொடாமலிருக்கத் தேடிக்கொள்ளும் அனுமதி. புதுமைப்பித்தனைப் படித்ததாலேயே திருநெல்வேலிக்காரனான என்னைத் தெரியும் என்று யாராவது சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். அப்படி மறுக்கிற உரிமை பிறத்தியாருக்கும் உண்டு.