கால் விநாடியில் அடிப்பது யார்?
கோல்ஃப் மட்டை உச்சியிலிருந்து இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் விநாடி. தொட்டிருப்பதோ அரை மில்லிவிநாடிதான். இடையில் யோசித்துக் கையைத் திருத்த நரம்புகளுக்கு அவகாசமே கிடையாது. அப்படியென்றால் அடிப்பது யார்?

நான் அடித்ததும் ரேடார் திரையில் மட்டையின் வேகம், முகத்தின் கோணம், பந்தின் சுழற்சி எல்லாம் வந்துவிடுகின்றன. முதலில் இடுப்பு, பிறகு மார்பு, கடைசியில் கை என்று உடலியக்கவியலும் வரிசை சொல்கிறது. ‘நான்’ என்றொரு கட்டம் மட்டும் இல்லை. நிலையான ‘நான்’ இல்லை என்று அனாத்மம் பேசும் பௌத்தருக்கு இதில் அதிசயமே இருக்காது.

எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. கோல்ஃப் வீரர் ஜிம் ஃப்யூரிக்கின் மட்டை மேலே போய் ஒரு சுழி போட்டுத்தான் இறங்கும்; பார்க்கவே கோணல். அப்பாவிடம் மட்டுமே பயின்றவர், அந்தக் கோணலை விடவில்லை. 2016இல் அதை வைத்தே பிஜிஏ டூர் போட்டிகளில் முதல்முதலாக ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். அந்தப் பிடிவாதம் யாருடையதாம்?