தீர்த்தமும் அதன் கரையும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றினையும் முறையாகச் சேர்த்து வழிபடல் வேண்டுமென்று நாம் பாலர் வகுப்பிலேயே கற்பிக்கின்றோம். மூர்த்தியைப்பற்றிக் கேட்டால் நம் மாணாக்கர் விரித்துரைப்பர். தலத்தின் பெருமையையும் ஒருவாறு சொல்வர். தீர்த்தம் என்பது யாதென வினவினாலோ, கோயிலிலே ஐயர் கையில் வார்க்கும் நீர் என்று சொல்லி நின்றுவிடுவர். குற்றம் அவர்கள் மேலதன்று. நாம் கற்பித்தது அவ்வளவே.

சென்ற ஆடி மாதத்திலே, கொம்பனித்தெருவில் வாழும் என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டனாருடன் கதிர்காமஞ் சென்று தீர்த்தத் திருவிழாக் கண்டு மீண்டான். நீர்வெட்டு நிகழ்ந்த விதத்தைச் சொல்லி முடித்தபின், "ஐயா, ஆற்றிலே முழங்காலளவு நீர்தான் நின்றது. அதுவும் மேலே அணையிலிருந்து திறந்துவிட்டதென்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அது எந்த அணை? அதைத் திறவாவிட்டால் தீர்த்தம் நடவாதா?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகளாகச் சமயபாடம் படிப்பித்துவரும் எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்வேன் என்று தப்பிக்கொண்டேன். அதன்பின் தேடி அறிந்தவற்றையே இங்கே உங்களுக்குச் சொல்லப் புகுகின்றேன்.

மாணிக்க கங்கை ஊவா மாகாணத்து நமுனுகுலை மலைப்பக்கத்திலே பிறக்கின்றது. நம்மவர் கொழுந்து கொய்யும் மலைச்சாரலை விட்டிழிந்து, புத்தல வழியாகச் சமவெளி புகுந்து, கதிர்காமத்தைத் தழுவி, யால வனத்தினூடே சென்று கடலிற் கலக்கின்றது. நீளம் ஏறக்குறைய 114 கிலோமீற்றர். மகாவலியோடும் களனியோடும் ஒப்பிடின் இது சிற்றாறே. ஆடி மாதம் அப்பகுதிக்குக் கோடைக்காலம். மழை பெரும்பாலும் ஐப்பசிக்குப் பின்னரே பெய்யும். ஆதலின் விழாவும் வறட்சியும் அங்கே ஒருங்கு வருகின்றன.

இவ்வாற்றை மறித்து, யால வனத்தினுள்ளே, வெஹெரகல என்னும் நீர்த்தேக்கம் 2009ஆம் ஆண்டளவிற் கட்டி முடிக்கப்பட்டது. அதிலே தேங்கும் நீரின் ஒரு பகுதி கால்வாய் வழியாகக் கிரிந்தி ஓயாவிலுள்ள லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்துக்குச் செல்கின்றது. லுணுகம்வெஹெர 1980களிலே கட்டப்பட்டது. எதிர்பார்த்த நீர் அதற்கு வந்து சேரவில்லை. அதனை நம்பிக் குடியேறிய உழவர் வயல் காய்ந்து வருந்தினர். அவர் குறை தீர்த்தற்கே மாணிக்க கங்கையின் நீர் திருப்பப்பட்டது.

அணை கட்டியதைப் பாவமென்று சொல்ல நான் வரவில்லை. குளந்தொட்டு வளம் பெருக்குதல் தமிழ் வேந்தர்க்கும் சிங்கள வேந்தர்க்கும் பொதுவான அறமன்றோ? மாரிக்காலத்து வெள்ளத்தைத் தேக்கி ஆடியிலே திறந்துவிடின் அவ்வணை தீர்த்தத்துக்குத் துணையாதலுங் கூடும். வினா வேறு. எவ்வளவு தேக்குவது, எவ்வளவு விடுவது, அதனைக் கணக்கிடுவார் யாவர், அடியாரும் யானையும் மீனும் அக்கணக்கிலே எழுதப்படுகின்றனரா என்பனவே வினா. வயலுக்கு வேண்டும் நீரை உழவர் சங்கம் கேட்டுப் பெறும். யானைக்குச் சங்கமில்லை.

இக்கணக்கைப் பார்க்க முயன்றோரும் உளர். கொழும்பிலே தலைமையகங் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் 2007ஆம் ஆண்டு மாணிக்க கங்கையைப்பற்றி ஓர் ஆய்வேட்டை வெளியிட்டது. யால வனத்துயிர்களுக்கு ஆற்றிலே நிற்கவேண்டிய நீரையும், கதிர்காமத்து அடியார் நீராட்டுக்கு வேண்டிய நீரையும், பயிருக்கு வேண்டிய நீரோடு ஒருங்கு வைத்து எண்ணிப்பார்த்தது அவ்வாய்வு. ஆற்றின் பயனை நெல்லினாலும் மின்னினாலும் மாத்திரம் அளந்துவந்த நூலோர், அடியார் மூழ்கி எழும் ஒரு கணத்தையும் நீர்க்கணக்கிலே சேர்த்தனர் என்பது எனக்கு வியப்பைத் தந்தது. நாம் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இங்கே என்னைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் பாதிரிமார் பள்ளியிலே படித்தவன். கண்ணை மூடிக்கொண்டு யோர்தான் நதியின் படத்தை வரைவேன். கலிலேயாக் கடல் எங்கே, சாக்கடல் எங்கே என்று குறிப்பேன். மாணிக்க கங்கையை எவ்வகுப்பிலும் வரைந்ததில்லை. அந்த யோர்தானின் இன்றைய நிலை என்னவென்று பார்த்தேன். 1960கள் தொட்டு இஸ்ரவேலும் யோர்தானும் சீரியாவும் தத்தம் பங்கை மேலேயே எடுத்துக்கொண்டமையால், அதன் கீழ்ப்பகுதி தன் பழைய நீரிற் பத்திலொரு பங்கும் பெறாது கலங்கிய ஓடையாயிற்று. கிறிஸ்துநாதர் ஞானஸ்நானம் பெற்ற இடமென்று உலகெங்குமிருந்து வருவோர் அந்நீரிலேதான் இறங்குகின்றனர். ஒரு நதி புனிதமானது என்பதனாலேயே காப்பாற்றப்பட்டுவிடும் என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் அன்றோடு போயிற்று.

நதியென்பது நீர் மாத்திரமன்று. கரையுஞ் சேர்ந்ததே நதி. மாணிக்க கங்கையின் இருமருங்கும் நிழல் செய்து நிற்பவை மருத மரங்கள். சிங்களத்திலே இம்மரத்தைக் கும்புக் என்பர். பாதயாத்திரை செல்வோர் வழியிலே கடக்கின்ற கும்புக்கன் ஓயாவின் பெயரிலும் அச்சொல் ஒலிக்கின்றது. இதன் வேர் கரை மண்ணைப் பற்றிக்கொள்ளும். இதன் நிழல் கோடையிலும் மடுவின் நீரைக் குளிர்ச்சியாக வைக்கும். உதிர்ந்த இலையிலே புழுவும் பூச்சியும் வாழ, அவற்றை உண்டு மீன் வாழ, மீனை உண்டு பறவை வாழும். யாலத்திலே எங்கும் நீர் வற்றிய காலத்து மானும் கரடியும் சிறுத்தையும் தேடி வருவது இம்மரங்களின் கீழுள்ள மடுக்களையே.

மருது நமக்குப் புதிய மரமன்று. வடமொழியிலே இதற்கு அருச்சுனம் என்று பெயர். ஸ்ரீசைலம் மல்லிகார்ச்சுனம், அது கிருஷ்ணை நதியின் கரை. திருவிடைமருதூர் மத்தியார்ச்சுனம், அது காவிரிக்கரை. திருப்புடைமருதூர் தாமிரபரணிக்கரை. மூன்றும் மருதின் பெயராலே விளங்குஞ் சிவதலங்கள், மூன்றும் ஆற்றங்கரைகள். தலவிருட்சம் என்று ஒரு மரத்துக்கு மஞ்சட்டுணி கட்டிவிட்டு, அது பிறந்து வளர்தற்குரிய கரையைத் தறித்துச் சுவரெழுப்புவதைக் கண்டும் பேசாதிருக்கின்றோம். முன்னேச்சரத்துச் சுவாமி தீர்த்தமாடுகின்ற தெதுறு ஓயாவிலே மணலகழ்வினாற் கரை சரிந்தமை பற்றியும் நம் மேடைகளிற் பேச்சில்லை.

சட்டம் ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. பொது நீரோடைகளின் நீரை ஆளும் உரிமை அரசினது என்றும், அதனைத் திருப்புவோர் அனுமதி பெறவேண்டும் என்றும் 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டமே கூறுகின்றது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இலே திருத்தப்பட்டபோது, குறித்த வகைப் பெருவேலைகளைத் தொடங்குமுன் அவற்றால் விளையும் நன்மை தீமைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதல் வேண்டும் என்ற விதி சேர்ந்தது. எவ்வெவ் வேலைகள் என்பதை 1993ஆம் ஆண்டு வர்த்தமானி வகுத்தது. தன் போக்கில் ஓரிடத்திலேனும் 25 மீற்றருக்கு மேற்பட்ட அகலமுடைய பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் செய்யும் வேலைகள் அதனுள் அடங்கும். நான்கு ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புதலும் அடங்கும். 25 மீற்றரை எங்கும் எட்டாத ஓடைகள் அந்த 60 மீற்றர்ப் பிரிவினுள் வாரா. இஃது எனக்குக் குறையாகவே தோன்றுகின்றது. மலைநாட்டு அருவிகளைக் குழாய்க்குள் அடைத்துச் சிறு மின்னிலையம் அமைப்போர் நாடுவதும் ஒடுங்கிய ஓடைகளையேயன்றோ?

ஆசிரியர்களாகிய நீங்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதி ஒன்றுண்டு. முழுமையான தாக்க மதிப்பீட்டறிக்கை எழுதப்பட்டால், அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ள இடத்தையும் நேரத்தையும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு பத்திரிகையிலும் அறிவித்தல் வேண்டும். அன்றுதொட்டு 30 நாளுக்குள் எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். தமிழ்ப் பத்திரிகையிலே அவ்வறிவித்தல் வெளிவருகின்றது. நாம் அப்பக்கத்தைப் புரட்டிவிட்டு மரண அறிவித்தல் பார்க்கின்றோம். நானும் அவ்வாறே செய்துவந்தேன்.

விதி இல்லாத காலத்தில் நடந்ததை அறியப் பேரை வாவியைப் பார்த்தாற் போதும். கொம்பனித்தெருச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலைத் தரிசித்து மீள்வோர் சிறிது தூரம் நடந்தால் அதனைக் காண்பர். காணுமுன்னே நாற்றத்தால் உணர்வாரும் உளர். போர்த்துக்கேயர் தங்கோட்டைக்கு அரணாக நீரை மறித்து ஆக்கிய வாவி அது. ஒருகாலத்திலே ஏறக்குறைய 165 ஹெக்டேயர் பரந்திருந்தது. இன்று 65 ஹெக்டேயர் அளவே எஞ்சியுள்ளது. எஞ்சாதது தெருவாயிற்று, பண்டகசாலையாயிற்று, மனையாயிற்று. நூறு ஹெக்டேயரை ஒரேநாளில் ஒருவர் நிரப்பியிருந்தால் ஊர் கூடித் தடுத்திருக்கும். அங்கொரு மூலை, இங்கொரு மூலை என்று தலைமுறைதோறும் நிரப்பியமையால் எவர்க்கும் அது குற்றமாகத் தோன்றவில்லை. 2016ஆம் ஆண்டு வைகாசியிலே களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கத்து வீடுகளிற் புகுந்தபோது, நீருக்கு ஒதுங்க இடமில்லாமற் செய்தவர் யாவர் என்று சிலர் சிந்தித்தனர். 2018 ஐப்பசியிலே, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகில் முதன்முதல் ஈரநில நகரமென ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. அப்பெருமையை நம் பள்ளிக்கூடங்களில் எத்தனை பேர் அறிவர்?

அதே மாதம் 11ஆம் திகதி, பாரத தேசத்திலே ஓர் ஆசிரியர் உயிர் நீத்தார். கான்பூர்த் தொழினுட்பக் கழகத்திலே கற்பித்தவரும், பின்னர்த் துறவு பூண்டு சுவாமி ஞானஸ்வரூப் சானந்த் எனப் பெயர்பெற்றவருமாகிய ஜி. டி. அகர்வால் அவர்கள், கங்கை தடையின்றி ஓடவேண்டும் என்று 111 நாள் உண்ணாநோன்பிருந்து தமது 86ஆம் வயதிலே மறைந்தார். முன்னரும் அவர் நோன்பிருந்ததுண்டு. பாகீரதியிலே கட்டத் தொடங்கிய லோஹாரிநாக் பாலா மின்திட்டம் 2010இலே கைவிடப்பட்டது அதன் பயனே. உங்களை நான் உண்ணாதிருக்கச் சொல்லவில்லை. முப்பது நாளுக்குள் ஒரு கடிதம் என்பது அதனினும் எளிதன்றோ?

பிறரைக் கேட்கப் புகுமுன் நம் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1870களிலே வாந்திபேதி பரவியதால், கதிர்காம யாத்திரைக்கு ஆங்கில அரசு கட்டுப்பாடு விதித்தது. அந்நாளில் அதிகாரிகள் அஞ்சியது அடியார் கூட்டத்தை. இன்றும் ஆற்றிலே இறங்கிச் சவர்க்காரம் பூசி, உறையை நீரிலே எறிந்து, பழைய வேட்டியை மருதின் வேரிலே விட்டு வருபவர் நம்மவரே. அட்ட மூர்த்தங்களுள் நீரும் ஒன்றென்று பரீட்சையில் எழுதியவரே அதனையுஞ் செய்கின்றனர்.

மாணவன் கேள்விக்கு மறுநாள் விடை சொல்லவில்லை. மூன்று கிழமை சென்றபின்னரே சொன்னேன். அதன்பின் வகுப்பார் அனைவரும் மாணிக்க கங்கையின் படத்தை வரைந்தனர். நமுனுகுலை, புத்தல, வெஹெரகல, கதிர்காமம், யால வனம், கடல் எல்லாம் குறித்திருந்தனர். கேள்வி கேட்ட அப்பையன் மாத்திரம் வெஹெரகலவின் கீழே ஒரு சிறு கட்டம் வரைந்து அதனை வெறுமையாக விட்டிருந்தான். ஏன் என்றேன். "ஆடி மாதம் எவ்வளவு நீர் விடுகிறார்கள் என்று எழுத இடம் விட்டேன், ஐயா" என்றான். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தைக் காட்டி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு அவர்கள் ஒரு கடிதம் எழுதியிருக்கின்றனர். எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டேன், கையொப்பம் என்னுடையது.