எழுதாத கணக்கு

2016 டிசம்பர் 12, திருக்கார்த்திகை. விளக்கேற்ற வேண்டிய நாளில் வர்தா புயல் கரை கடந்தது. நான் இருந்தது பட்டுக்குப் பேர்போன ஆரணியில் அல்ல. பெரியபாளையத்துக்கு அருகே, ஆற்றின் பெயரையே தாங்கிய சிற்றூரில். அந்தக் காற்றில் அகல் ஒன்றுகூட நிற்கவில்லை. மின்சாரமும் போயிற்று.

ஐநூறு, ஆயிரம் நோட்டுகள் செல்லாமல் போய் ஐந்து வாரம் ஆகப்போகிறது. சில்லறை யாரிடமும் இல்லை. தெருமுனைக் கடைக்காரம்மா கதவைப் பாதி திறந்துவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் அரிசியும் மெழுகுவர்த்தியும் கொடுத்தார். இருட்டில் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. “மழ விடட்டும் சார், பாத்துக்கலாம்.”

தளம் போட்ட வீடு என்பதால் பக்கத்து ஓட்டுவீட்டுக்காரர்கள் அன்றிரவு என் வீட்டில் படுத்தார்கள். குழந்தைகள்கூட அழவில்லை. ஓர் அமைதி கூடியிருந்தது, அது பொய்யல்ல. ஆனால் என் சட்டைப்பையில் மூன்று நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டேதான் கடன் சொல்லியிருந்தேன்.

கடவுளிடம் வைப்பதற்கும் அந்தம்மா என்னிடம் வைத்ததற்கும் தமிழில் ஒரே சொல்: நம்பிக்கை. முன்னதைப் பற்றி நாம் நிறைய எழுதியாயிற்று. அதில் எதிர்த்தரப்பு பதில் சொல்ல வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம். பின்னதில் எதிர்த்தரப்பு நானே. புயலில் சமூகம் என்ற ஒன்றைக் கண்டதாக நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். கண்டது உண்மை, அதற்குள் நான் இருந்தேனா என்பதுதான் சந்தேகம்.

மின்சாரம் வந்தபின் கடைக்குப் போய், எவ்வளவு என்று கேட்டேன்.

“நீங்கதான் சார் சொல்லணும்” என்றார்.