குணமானவர் எங்கே போவார்?

ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் சேர்ப்பது சரியா என்ற விவாதம் பெரும்பாலும் சேர்க்கும் நாளோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கையெழுத்தோடு ஒரு கடனும் பிறக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. நோய் தணிந்த பிறகு அவரை வெளியே வாழவைக்கும் கடன் அது. அதை ஏற்க யாரும் இல்லாதபோது சேர்க்கும் உரிமை மட்டும் எங்கிருந்து வரும்?

சேர்க்கும் நாளின் நெருக்கடியைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. வாரக்கணக்கில் தூங்காத மகன், சோற்றில் விஷம் வைத்துவிட்டதாகச் சொல்லித் தாயை அடிக்கிறான். இரவில் கிணற்றடியில் போய் நிற்கிறான். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவன் சொல்வதை அவனுடைய முடிவாக மதித்து விலகிக்கொண்டால், அது சுதந்திரத்தின் பெயரால் கைகழுவுவதுதான். அதற்காக நோயாளி சொல்லும் எல்லா ‘வேண்டாம்’களும் நோயின் பேச்சாகிவிடாது. மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது, உடம்பு ஊதுகிறது, தறியில் உட்கார்ந்தால் தூக்கம் தள்ளுகிறது என்கிறவர் தெளிவாகத்தான் பேசுகிறார். இந்த இரண்டு மறுப்புகளையும் பிரித்தறிய மருத்துவருக்கு நேரம் வேண்டும். வரிசை வாசல்வரை நீளும் அரசுப் புறநோயாளிப் பிரிவில் மாத்திரைகூட இருக்கும், நேரம் இருக்காது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உள்ளே நுழையும் வாசலில் அது நல்ல காவல் போட்டிருக்கிறது. நோயாளியின் சார்பில் நியமிக்கப்பட்டவர் கேட்க வேண்டும்; இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும்; 30 நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் மறுபடி ஆராய வேண்டும்; மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதும், சங்கிலியால் கட்டுவதும் தடை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மனநோயாளிகளின் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலி இருந்ததால் ஓட முடியாமல் இறந்தார்கள். சங்கிலித் தடையைப் படிக்கும்போது அந்தக் கொட்டகை நினைவுக்கு வராமல் இருக்காது.

ஆனால் அறத்தின் கனம் முழுவதும் ஏறியிருப்பது வேறொரு பிரிவில். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, ஊரில் வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவர் மனநல நிலையத்தில் தொடர்ந்து இருக்கக் கூடாது என்கிறது 19ஆம் பிரிவு. அவர்களுக்கான இடைநிலை இல்லங்களை அமைப்பது அரசின் பொறுப்பு என்றும் சொல்கிறது. குணமான பிறகும் மருத்துவமனைகளிலேயே கிடப்பவர்களின் மறுவாழ்வுக்கு வழி செய்யுமாறு உச்ச நீதிமன்றமும் 2017இல் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நுழைவைப் பற்றிய பிரிவுகளை மீறினால் மருத்துவர் மாட்டுவார். இந்தப் பிரிவு மீறப்படும்போது மாட்டுவதற்கு ஆளே இல்லை.

இங்கே குடும்பத்தைத் திட்டுவது எளிது. கூட்டிப்போக வராத அண்ணனைக் கல்நெஞ்சக்காரன் என்று சொல்லிவிடலாம். அவன் ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு ஒருமுறை வந்துபோனால் இரண்டு நாள் கூலி போகும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மாத்திரை கிடைக்குமா என்பது அவனுக்குத் தெரியாது. மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில், மனநல மருத்துவமனை இருக்கும் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற பெயர் வீட்டுக்குள் நுழைவதை அவன் அஞ்சுகிறான்; அந்த ஊர்ப்பெயரை வசவாக்கிச் சிரித்த திரைப்படங்களுக்கும் அந்த அச்சத்தில் பங்கு உண்டு. எல்லா அண்ணன்களும் இப்படிப்பட்டவர்கள் அல்லர் என்பதும் உண்மை. உள்ளே இருப்பவர் பாகம் கேட்டு வரமாட்டார் என்ற நிம்மதியில் பத்திரம் முடிந்த வீடுகளும் இருக்கின்றன. இந்த இரு வகையினரையும் ஒரே தராசில் நிறுத்துவது அநீதி. இருவரிடமும் விசாரித்து அறிய மருத்துவமனையில் போதிய சமூகப் பணியாளர்கள் வேண்டும்.

கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைத்த நாடும் உண்டு. அமெரிக்காவில் 1955இல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தப் பெருங்கட்டடங்களுக்கு மாற்றாக ஊர்தோறும் மனநல மையங்கள் எழும்ப 1963இல் கென்னடி சட்டத்தில் கையெழுத்திட்டார். மருத்துவமனைகள் வேகமாகக் காலியாயின. மையங்கள் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டவேயில்லை. நோயாளிகளில் பலர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். இத்தாலியின் திரியெஸ்த் நகரில் ஃபிராங்கோ பசாலியாவின் குழு வேறுவிதமாகச் செய்தது. நகருக்குள் மனநல மையங்களையும், நோயாளிகளுக்கு வேலை தரும் கூட்டுறவுகளையும் உருவாக்கிக்கொண்டே பெரிய மருத்துவமனையைச் சுருக்கினார்கள். அந்த நாட்டின் 1978ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்தது.

சென்னையில் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து 1978இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு 1984இல், மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்கென ஸ்கார்ஃப் அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தார். மருத்துவமனைக்குள் நெடுங்காலம் இருந்த ஒருவர் வெளியே வந்ததும் கட்ட நினைத்தது இன்னொரு மருத்துவமனையை அல்ல என்பது கவனிக்கத்தக்கது. சிகிச்சைக்கும் வாழ்க்கைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை உள்ளிருந்து பார்த்தவர்களுக்கே அதன் ஆழம் தெரியும்.

வலுவான ஆட்சேபம் நோயாளியிடமிருந்தே வருகிறது. இருபது ஆண்டு வார்டில் இருந்த பெண்ணிடம் வீட்டுக்குப் போகிறீர்களா என்று கேட்டால், ‘இங்கேயே இருந்துக்கிறேன்’ என்பார். அதைக் கோப்பில் அவருடைய விருப்பமாகப் பதிவு செய்வது மருத்துவமனைக்கு வசதி. சேர்க்கும்போது அவர் சொன்ன ‘மாட்டேன்’ செல்லவில்லை. போகமாட்டேன் என்னும்போது மட்டும் செல்கிறது. மணி அடித்தால் சாப்பாடு, விளக்கணைத்தால் தூக்கம் என்று பழகியவருக்குத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே போயிருக்கும். அந்த விருப்பத்தை உண்டாக்கியதே வார்டுதான். அதற்காக அவரை வலுக்கட்டாயமாக வெளியேற்றுவதும் இரண்டாவது கொடுமையாகும். தெருவில் ஒரு வாடகை வீடு, நாலைந்து பேர், உதவிக்கு ஒருவர், அடுப்படி அவர்கள் கையில் என்ற ஏற்பாட்டை பேன்யன் அமைப்பு 2015 முதல் நடத்திவருகிறது. அப்படி ஒரு வீட்டில் சில வாரம் தங்கிப் பார்த்த பிறகு கேட்டால், அவர் சொல்லும் பதிலை விருப்பம் என்று ஏற்கலாம். அப்போதும் வார்டுதான் வேண்டும் என்றால், அதையும் மதிக்க வேண்டியதுதான்.

செலவு என்று சொல்லி இதைத் தள்ளிப்போடுவது வழக்கம். வார்டுக் கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் காவலுக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அது பழைய கணக்குத் தலைப்பில் கேள்வியின்றிப் போகிறது. வாடகை வீட்டுக்குப் புதிய தலைப்பு திறக்க வேண்டும், அதற்கு ஒரு அதிகாரி கோப்பில் குறிப்பெழுத வேண்டும்.