அளவையும் குழந்தையும்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் வெளியிட்ட அறிவிப்பொன்று, மேற்பார்வைக்குப் பள்ளி நிர்வாகத்தின் சிறியதொரு சீர்திருத்தமாகவே தோன்றிற்று. அடுத்த ஆண்டு முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் பயிலும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வு எதுவும் இராது. வீட்டுக்கு வரும் தேர்ச்சிப் புத்தகத்தில், வகுப்பில் இன்ன இடம், அந்நிலையில் பயிலும் மாணவர் அனைவருள்ளும் இன்ன இடம் என்ற குறிப்பு இராது. வகுப்பின் சராசரியும், மிக உயர்ந்த எண்ணும், மிகத் தாழ்ந்த எண்ணும் இரா. தேறாத பாடத்தின் எண்ணுக்கு அடிக்கோடிடுவதும் வேறு வண்ணம் தீட்டுவதும் நின்றுபோகும். மூன்றாம் நிலை முதல் ஆறாம் நிலை வரையுள்ளோர்க்கு மதிப்பெண் உண்டெனினும், புள்ளிக்குப் பின்வரும் பின்னம் நீங்கி முழு எண்ணாகவே தரப்படும். கற்றல் போட்டியன்று என்பதைப் பிள்ளைகள் இளமையிலேயே உணர வேண்டுமென்பதே இம்மாற்றத்தின் நோக்கமென, அந்நாளில் கல்வி அமைச்சராயிருந்த ஓங் யீ காங் விளக்கினார்.

இதைக் கேட்ட பெற்றோரின் உள்ளத்தில் எழுந்த வினா இயல்பானதே: "அப்படியானால் என் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதை நான் எவ்வாறு அறிவேன்?" இந்த வினாவைப் பேதைமையென்றோ பேராசையென்றோ தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. தன் வயிற்றில் பிறந்த மகவேயாயினும், ஓர் உயிரை மற்றோர் உயிர் அறிவது எவ்வாறு, அந்த அறிவு மெய்யென்பதற்குச் சான்று யாது என்ற, தத்துவ சாஸ்திரங்களெல்லாம் மீண்டும் மீண்டும் எடுத்து ஆராய்ந்த பெரும் பிரச்சினை அதனுள் உறைந்து கிடக்கிறது.

நம் மொழியில் "அளவை" என்னும் சொல் இரு பொருள் சுமந்து நிற்பதை எண்ணி நான் பலகால் வியந்ததுண்டு. நாழியும் படியும் மரக்காலும் அளவை. ஒரு பொருளை உள்ளபடி அறிவதற்கு வாயிலாகிய பிரமாணமும் அளவையே. வடமொழியிலும் அளத்தலைக் குறிக்கும் தாதுவினின்றே பிரமாணம் என்னும் சொல் பிறந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், இறையையும் உயிரையும் தளையையும் பற்றி விரித்துரைக்கப் புகுமுன்னர் அளவையையே எடுத்துக்கொள்கிறது. பிறர் பத்தாகவும் அதற்கு மேலாகவும் வகுத்தவற்றையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்கிக் காட்டுகிறது. எதனால் அறிகிறோம் என்பதைத் தெளியாமல் என்ன அறிந்தோம் என்று பேசத் தொடங்குவது முறையன்று என்பது அப்பெரியோர் கொள்கை. அந்த முறையைப் பின்பற்றி, மதிப்பெண் என்பது இம்மூன்றினுள் எந்த அளவை என்று முதலில் கேட்டுப் பார்ப்போம்.

அது காண்டல் அன்று. ஆசிரியர் காண்பது தாளையேயன்றிப் பிள்ளையின் அறிவை அன்று. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதுபோல, விடையைக் கண்டு அறிவை ஊகிக்கிறார். ஆகவே அது கருதலளவை, அதாவது அனுமானம். புகையிலிருந்து நெருப்பை அனுமானிப்பது செல்லுபடியாவதற்குக் காரணம், நெருப்பின்றிப் புகையில்லை என்ற நீங்காத சம்பந்தம் அவ்விரண்டுக்கும் இருப்பதே. ஏழு வயதுப் பிள்ளையின் விடைக்கும் அதன் அறிவுக்கும் அத்தகைய சம்பந்தம் உண்டா? முன்னிரவு காய்ச்சலில் கிடந்த பிள்ளையும், கூட்டல் நன்கறிந்திருந்தும் வினாவில் வந்த ஆங்கிலச் சொல்லொன்று விளங்காமல் திகைத்த பிள்ளையும், ஏதும் அறியாமலே நான்கு விடைகளுள் ஒன்றைத் தொட்டுச் சரியாக அமைந்துவிட்ட பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். புகையென்று நாம் கண்டது சில வேளைகளில் மூடுபனியாகவும் இருந்துவிடுகிறது. ஆயினும் அனுமானம் பிழைபடக் கூடியது என்பதனாலேயே அதனை விலக்கிவிட முடியாது. நெடுங்காலம் பலமுறை பார்த்து ஊகிப்பதில் ஓரளவு உண்மை அமையவே செய்யும். மதிப்பெண்ணோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. வழக்கெல்லாம் தரவரிசையோடுதான்.

சித்தியார் அளவையைப் பற்றிப் பேசுமிடத்தே பொருள்களின் இயல்பை இரண்டாக வகுக்கிறது: பிற இனத்தினின்றும் தன் இனத்தினின்றும் வேறாகித் தனித்து நிற்பது தன்னியல்பு, பிற இனத்தினின்று வேறாகித் தன் இனத்தோடு ஒத்து நிற்பது பொதுவியல்பு. "என் பிள்ளை வகுப்பில் எட்டாமவன்" என்று ஒரு தாய் சொல்லும்போது இவ்விரண்டில் எதைச் சொல்கிறாள்? எட்டாமிடம் பிள்ளையின் தன்னியல்பன்று. நேற்று வேறு பள்ளிக்கு மாறிப்போன இரு மாணவர்களால் அவன் இன்று ஆறாமவன் ஆகிவிடலாம், அவனுக்குள் ஓர் அணுவும் மாறியிராது. ஏழு வயதுப் பிள்ளைகள் அனைவர்க்கும் ஒத்த பொதுவியல்பும் அன்று. பொருளில் இல்லாத ஒன்றைப் பொருளின் குணமாகக் கொள்ளுதலை நம் தருக்க நூலார் திரிபு என்பார்கள்.

இந்தத் திரிபு ஒரு தேசத்தின் தேர்வு முறையிலேயே குடிகொண்டிருந்ததற்குச் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வே சான்று. 1960ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அத்தேர்வை ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் எழுதும் பிள்ளை, ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என்னும் நான்கு பாடங்களில் பெறும் மதிப்பெண், 2020 வரை டி-ஸ்கோர் என்னும் கணக்கின் வழியே வேறோர் எண்ணாக மாற்றப்பட்டது. அந்த ஆண்டில் தேர்வெழுதிய அனைவரின் சராசரியினின்றும் அப்பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறான் என்பதே அவ்வெண்ணின் உட்பொருள். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள்: தமிழ்ப் பாடத்தில் நூற்றுக்கு எண்பது வாங்கிய ஒரு பெண்ணின் இறுதி எண், அவள் ஒருபோதும் கண்டறியாத, தீவின் மறுகோடியில் வாழும் பிள்ளைகள் அன்று எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து ஏறும் அல்லது இறங்கும். அவர்கள் நன்றாக எழுதியது அவளுக்கு நட்டம். அயலான் மகன் நன்றாகப் படிப்பது என் மகனுக்குக் கேடு என்று நம்ப வைக்கும் ஒரு கணக்கு, கணிதமாக எவ்வளவு செம்மையுடையதாயினும், அறமாகச் செம்மையுடையதென்று என்னால் கூற இயலாது.

2021ஆம் ஆண்டு முதல் அது மாறியது. இப்போது ஒவ்வொரு பாடத்திற்கும் எட்டு அடைவுநிலைகள் உண்டு. தொண்ணூறும் அதற்கு மேலும் முதல் நிலை, இருபதுக்குக் கீழ் எட்டாம் நிலை. மற்றவர் எப்படி எழுதினாலும் தொண்ணூறு வாங்கியவர் முதல் நிலையே பெறுவார். எல்லாரும் தொண்ணூறு வாங்கினால் எல்லாரும் முதல் நிலையே.

என் இளமையில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்புத் தேர்ச்சி அட்டைகளைத் தரவரிசைப்படியே பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. முதலில் எழுந்தவன் நிமிர்ந்து போவான். கடைசியில் எழுந்தவன் பெயர் அழைக்கப்படும் முன்னரே எல்லாருக்கும் அது யார் என்று தெரிந்திருக்கும். அவ்வாண்டு அட்டையை அண்மையில் பழைய பெட்டியொன்றில் கண்டெடுத்தேன். 42 பேருள் 17 என்றிருந்தது. அந்தப் பதினேழு இன்று எனக்கு எதையும் கூறவில்லை. அதற்குப் பொருள் தந்த மற்ற நாற்பத்தொருவரும் எங்கெங்கோ சிதறிப் போனார்கள். அதே அட்டையின் அடியில், குறிப்பு என்ற சிறு கட்டத்தினுள், ஆசிரியர் இரண்டே தொடர் எழுதியிருந்தார்: வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்வான், எழுதும்போது தயங்குவான். என் தந்தையார் பதினேழைப் பார்த்துக் கையெழுத்திட்டார். முதலாமவன் யார் என்று கேட்டார். அந்தத் தயக்கம் எதனால் என்று அவரும் கேட்கவில்லை, வேறு எவரும் கேட்கவில்லை. அது வெகுநாள் என்னோடு இருந்தது.

மாணாக்கரைத் தரம் பிரிப்பது நமக்கு அந்நியமான வழக்கமன்று என்று ஒருவர் மறுக்கலாம், மறுப்பு நியாயமானதே. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அன்னத்தையும் பசுவையும் ஒப்பவர் தலைமாணாக்கர், மண்ணையும் கிளியையும் ஒப்பவர் இடை, ஓட்டைக் குடத்தையும் ஆட்டையும் எருமையையும் நெய்யரியையும் ஒப்பவர் கடை என்று வகுத்தார். ஏழு வயதுப் பிள்ளையின் மேல் "கடை" என்று எழுத எனக்குக் கை வாராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த உவமைகளைக் கூர்ந்து நோக்கினால் வியப்பானதொரு செய்தி புலப்படும். ஆடு ஒரு செடியிலும் நிலைத்து மேயாது. எருமை தான் குடிக்கும் குளத்தைத் தானே கலக்கிவிடும். நெய்யரி நெய்யை விட்டுக் கசண்டைப் பிடித்துக்கொள்ளும். ஒருவன் கல்வியை எந்த விதமாக வாங்கிக்கொள்கிறான் என்பதையே அவை கூறுகின்றன. மற்றவனை விட எவ்வளவு வாங்கினான் என்பதை அன்று. ஒரு வகுப்பில் எத்தனை பேர் அன்னமாக இருக்கலாம் என்பதற்கு நன்னூலில் வரம்பில்லை. ஒருவன் அன்னமாவதற்கு வேறொருவன் ஆடாக வேண்டியதில்லை.

சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. உயிர்களின் மீது திருவருள் பதியும் சத்திநிபாதத்தை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்காக வகுத்துரைக்கும் சித்தாந்த நூல்களில், எந்த உயிரும் மற்றோர் உயிருக்கு முன்னதாகவோ பின்னதாகவோ வைத்து எண்ணப்படவில்லை. ஒவ்வோர் உயிரின் பக்குவமும் அதனதனைப் பிணித்த மலமாகிய தளையின் பரிபாகத்தைக் கொண்டே அறியப்படுகிறது. அதன் இன்றைய நிலை அதன் நேற்றைய நிலையோடுதான் ஒப்பிடப்படுகிறது. பக்குவம் என்ற சொல்லே மரத்தையும் கனியையும் நினைவூட்டுவது. ஒரே கிளையில் முன் பழுத்த கனி, பின் பழுக்கும் கனியைத் தோற்கடித்துவிட்டதாக எந்தத் தோட்டக்காரனும் கருதமாட்டான். சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்று, இரண்டு மாணவரின் அறிக்கையில் எண்ணுக்குப் பதிலாக, தொடங்குகிறான், வளர்ந்துவருகிறான், திறம் பெற்றுள்ளான், தேர்ந்து விளங்குகிறான் என்று பொருள்படும் நான்கு சொற்கள் இடம்பெறுவதை அறிந்தபோது இந்த நான்கு நிலைகளே என் நினைவுக்கு வந்தன. ஆன்மாவின் பக்குவமும் வாசிப்பின் தேர்ச்சியும் ஒன்றென்று சொல்லும் துணிவு எனக்கில்லை. எனினும் பார்வை ஒன்றே.

பெற்றோரின் அச்சத்திற்கு மீண்டும் வருகிறேன். அத்தீவில் ஹொக்கியன் மொழியிலிருந்து வந்து எல்லா இனத்தார் நாவிலும் பழகிவிட்ட "கியாசு" என்னும் சொல் ஒன்று உண்டு. பின்தங்கிவிடுவோமோ, இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தைக் குறிப்பது. துணைப்பாட வகுப்புகள் நிரம்பி வழிவது அந்த அச்சத்தினாலேதான். தரவரிசை நீங்கினும் அச்சத்தின் வேர் நீங்கவில்லை. நான்கு பாட அடைவுநிலைகளையும் கூட்டிய எண், நான்கு முதல் முப்பத்திரண்டு வரை வருவது, உயர்நிலைப் பள்ளி இடத்தை இன்றும் தீர்மானிக்கிறது. பலர் விரும்பும் பள்ளியில் இடங்கள் சிலவே. அறுபத்து நான்கு வாங்கியவன் ஆறாம் நிலை, அறுபத்தைந்து வாங்கியவன் ஐந்தாம் நிலை என்ற கோடு, முன்னைய பின்னங்களைப் போலவே ஒரு வீட்டில் கண்ணீரை வரவழைக்கும். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. கூட்டெண் சமமாயிருந்து இடம் ஒன்றே எஞ்சினால், குடியுரிமையையும் விருப்ப வரிசையையும் பார்த்த பிறகு, அதற்கும் மேல் குலுக்கலுக்கு விட்டுவிடுகிறார்கள். இவ்விரு பிள்ளைகளையும் இதற்கு மேல் பிரித்தறிய எங்கள் அளவைக்கு வலிமையில்லை என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொள்வது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது. தமிழ்நாட்டிலும் 2017ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம் பெற்றோரின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை விட்டொழித்தார்கள். அதுவும் இவ்வகைப்பட்ட அடக்கமே.

எண்ணை எடுத்துவிட்ட இடத்தில் எதை வைப்பது? இங்கேதான் மூன்றாவதாகிய உரையளவை வருகிறது. ஆசிரியரின் சொல்லே இனிப் பெற்றோர்க்குப் பிரமாணம். ஆப்தன் என்று நூல்கள் கூறுவது, பொருளைத் தான் உள்ளபடி கண்டு, கண்டதை மறைக்காமலும் மிகுக்காமலும் சொல்பவனை. சிங்கப்பூரில் முதலிரு நிலைகளில் வகுப்பொன்றுக்கு முப்பது பிள்ளைகள். அதன் பின் நாற்பது வரை. அத்தனை பேரையும் தனித்தனியே கண்டிருக்கும் அவகாசம் ஆசிரியர்க்கு வாய்க்காவிடில், நல்ல பையன், இன்னும் முயல வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் வாக்கியங்களே அறிக்கையில் வந்து விழும். அவை எண்ணை விடவும் ஏழ்மையானவை. எண்ணாவது ஒன்றைச் சொல்லிற்று. தேர்வுகளைக் குறைத்ததன் பயனும் இவ்விடத்தேதான் தெரிய வேண்டும். 2019 முதல் படிப்படியாக நீக்கப்பட்டு, 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி யாவற்றிலும் அரையாண்டுத் தேர்வு இல்லாமற் போயிற்று. அதனால் மிஞ்சிய வாரங்கள் பிள்ளைகளைப் பார்ப்பதற்குச் செலவாகின்றனவா, வேறு தாள்களைத் திருத்துவதற்கா என்பதைப் பொறுத்தே இச்சீர்திருத்தத்தின் கதி அமையும் என்பது என் துணிபு.

பெற்றோர்க்கும் இதில் பங்குண்டு. பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக்கென ஒதுக்கப்படும் சில நிமிடங்களில், வகுப்பில் எத்தனை பேர் இவனை விட நன்றாகப் படிக்கிறார்கள் என்று சுற்றிவளைத்துக் கேட்டுப் பழைய எண்ணையே மீட்டுக்கொள்ள முயலும் தாய்தந்தையரை நான் கடிந்துகொள்ள மாட்டேன். அவர்களும் அப்படி எண்ணப்பட்டே வளர்ந்தவர்கள். ஆயினும் வேறு சிலவற்றையும் கேட்கலாம். தெரியாத ஒன்று வரும்போது என் மகள் என்ன செய்கிறாள்? யார் பக்கத்தில் போய் உட்காருகிறாள்? தமிழ் வகுப்பில் வாய் திறக்கிறாளா, தலையை மட்டும் அசைக்கிறாளா? சென்ற தவணையில் இயலாதிருந்து இந்தத் தவணையில் இயன்றது எது? இவற்றிற்குத் தாளைப் புரட்டி விடை சொல்ல முடியாது. ஆசிரியர் சற்றே நிறுத்தி, கண்ணை எங்கோ செலுத்தி யோசிக்க நேரிடும்; அவ்வாறு யோசிக்கையில் அவர் மனக்கண்முன் வந்து நிற்பது, மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் அமர்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு பெண்ணின் முகமாகவே இருக்கும்.