மர்யம் (அலை) பெற்ற ஆறுதல்



தற்கொலை ஹராம் என்பதை நாம் அறிவோம். ஆனால் வீட்டில் ஒருவர் “செத்தால் தேவலை” என்று சொன்னால், அதையே சொல்லி அவர் வாயை அடைப்பது போதுமா?

பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதைத் திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். அவர்களுக்குக் கண்டனம் வரவில்லை. ஆறுதல் வந்தது, அருந்த நீரும், உண்ணப் பேரீச்சம்பழமும் கிடைத்தன.

ஆகவே கவனிப்போம். தூக்கமும் உணவும் குறைகிறதா? ஜமாஅத்துக்கு வந்தவர் ஒதுங்குகிறாரா? “நான் உங்களுக்குப் பாரம்” என்கிறாரா? திடீரென எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, தம் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கிறாரா? இதைப் பேணுதல் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

“உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?” என்று கனிவுடன் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, மனச்சுமைதான் குறையும். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை கிடைக்கிறது. நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே.

துஆச் செய்வோம், துணையாகவும் நிற்போம். அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.