மஞ்சளும் மரியாதையும்

பாட்டி சொன்னதெல்லாம் விஞ்ஞானம் என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு; எல்லாம் பத்தாம்பசலித்தனம் என்று மூக்கைச் சுளிக்கிறவர்களும் உண்டு. இரு சாராரும் ஒரு காரியத்தில் ஒற்றுமையானவர்கள். பாட்டி சொன்னதை இருவருமே சோதித்துப் பார்ப்பதில்லை!

மஞ்சளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் ஆட்சேபித்தது. இந்தியர்கள் காலங்காலமாக அறிந்த சங்கதி இது என்று பழைய நூல்களைச் சான்று காட்டியது. 1997-ல் காப்புரிமை ரத்தாயிற்று. நியாயந்தான். ஆனால் என் மனத்தில் வேறொரு கேள்வி எழுகிறது. மஞ்சள் நம்முடையது என்று நிரூபித்ததால் எந்த ஏழையின் புண் ஆறிற்று?

மஞ்சளில் உள்ள குர்க்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது. வெளிச்சம் பட்டால் சிதையும். ஆகவே அதை நானோ துகள்களாக்குகிறார்கள். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால், ஒரு கூறு ஒரு நானோமீட்டர்! அந்தத் துகள்களை ஹைட்ரோஜெல்லில் பொதிகிறார்கள். கடற்பாசியில் எடுத்த ஆல்ஜினேட் போன்ற பொருள்களால் பின்னிய வலைக்குள் தண்ணீரைத் தேக்கிய, நுங்கு போன்ற பண்டம் அது. புண்ணை ஈரமாக வைத்து, மருந்தைச் சிறுகச் சிறுக விட்டு, கிருமிகளைத் தடுத்து, புதுத் தசை வளர இடங்கொடுப்பதே அதன் நோக்கம். இத்தகைய முயற்சிகளில் பெரும்பாலானவை இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டவில்லை.

ஈரமாக வைப்பதா? 'புண் காய வேண்டும்' என்பதல்லவா நம் வீடுகளில் வேதவாக்கு! 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளிடம் சோதித்து, மூடி ஈரமாக வைத்த காயத்தில்தான் புதுத்தோல் விரைவாகப் படர்கிறது என்று காட்டினார். மஞ்சள் விஷயத்தில் பாட்டி சொன்னதில் சாரம் இருக்கிறது. காயவிடும் விஷயத்தில் இல்லை. இப்படிச் சொல்வது அவளுக்கு அவமரியாதையா?

இல்லை என்பேன். அவள் தந்ததைப் பெட்டியில் பூட்டிக் கும்பிடுவது சுலபம். அதை உரைகல்லில் உரசி, மாற்றுக் குறைந்ததை ஒதுக்கி, நல்லதை ஊருக்குக் கொடுப்பதே மரியாதை.

ஊருக்குக் கொடுப்பது என்றேனே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆராய்ச்சி செய்தவருக்குக் கூலி வேண்டும், மறுக்க முடியாது. ஆயினும் பாட்டி அந்த வைத்தியத்துக்கு யாரிடமும் காசு கேட்டதில்லை. நாளை இந்த மருந்து கடைக்கு வரும்போது, நீரிழிவால் காலில் புண் கண்ட ஒரு கூலிக்காரர் அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவாரானால், 1997-ல் நாம் மீட்டது மஞ்சளின் பெயரை மட்டுந்தான்.